முகம் காட்டும் பெஞ்சு

மார்ச் 9

மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

என் குடலிறக்க அறுவை நல்லபடியாக முடிந்து வீட்டில் இருக்கிறேன். நீங்கள் விசாரிக்கவில்லை; ஆயினும் அக்காவிடம் சொல்ல உங்களுக்கு ஒரு செய்தி வேண்டியிருக்கும்.

நேற்று ஆறு முறை தொலைபேசியில் அழைத்தீர்கள். ஆறு முறையும் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. நீங்கள் தொலைபேசியில் சொன்னதை மறுநாள் “நான் எப்ப சொன்னேன்?” என்று கேட்பதை இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கண்டுவருகிறேன். இனி இந்த விஷயத்தில் எழுத்து மட்டுமே. நம் சலவை ஆலையின் வேன் தினமும் என் தெரு முனையில் உள்ள மருத்துவமனைக்கு அழுக்குத் துணி எடுக்க வருகிறது. வேன்காரரிடம் கடிதத்தைக் கொடுத்தனுப்பலாம்.

ஆலையில் விரிப்பு மடிக்கும் நம் மடிப்பக்காவின் தங்கை சனிக்கிழமை என்னை அழைத்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். செவ்வாய்க்கிழமை மடிப்பக்காவுக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது. விடுப்பு எடுத்தால் முதல் மூன்று நாள் ஊதியம் கிடையாது என்பதால் செவ்வாயும் புதனும் காய்ச்சலோடு வேலை செய்திருக்கிறார். வியாழன் முடியவில்லை. முடியவில்லை என்று சொல்வதற்காகவே எழுந்து, இரண்டு பேருந்து மாறி ஆலைக்கு வந்து, உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஏனெனில் நீங்கள் நேரில் பார்த்து, நெற்றியைத் தொட்டு, நாக்கை நீட்டச் சொல்லி, “சரி, போ” என்று தலையசைத்தால்தான் நம் ஆலையில் ஒருவருக்கு நோய் வந்ததாகப் பொருள். நீங்களோ பழைய வேன் ஒன்றை விலை பேசப் போயிருந்தீர்கள். நான்கு மணி நேரம் அவர் உட்கார்ந்திருக்கிறார். நடுவில், விசில் என்று நாம் அழைக்கும் மேற்பார்வையாளர் ஒரு தள்ளுவண்டி நிறையப் படுக்கை விரிப்புகளை அவர் முன்னால் நிறுத்தி, “சும்மா உக்காந்திருக்கிற நேரத்துக்கு நாலு மடிக்கலாமேக்கா” என்றிருக்கிறார். மடித்த அடுக்கைத் தூக்கி வைக்க எழுந்தபோது தலை சுற்றி விழுந்ததில், பெஞ்சின் இரும்புக் காலில் பட்டு வலது மணிக்கட்டு முறிந்தது. மடிப்பக்காவுக்கு வலது மணிக்கட்டு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மார்ச் ஒன்றாம் தேதியிலிருந்து புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. நோயின் முதல் நாளிலிருந்தே ஊதியம் உண்டு. நேரில் வந்து நிரூபிக்கச் சொல்லக் கூடாது. ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். இவை இரண்டையும் தொழிலாளர் கண்ணில் படும்படி ஒட்டி வைக்க வேண்டும். இதற்கான அறிவிப்பைப் பிப்ரவரி மூன்றாம் தேதியே எழுதி உங்கள் மேசையில் வைத்துவிட்டுத்தான் அறுவைக்குப் போனேன்.

என் கேள்வி ஒன்றே ஒன்று. அந்த அறிவிப்பைப் பலகையில் ஒட்டினீர்களா, இல்லையா?

இங்ஙனம்,
பணியாளர் பிரிவு அலுவலர்

—

மார்ச் 11

அன்பு மாப்பிள்ளைக்கு,

என்னய்யா இது, கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி ஒரு லெட்டர்? “இங்ஙனம் பணியாளர் பிரிவு அலுவலர்”னு கையெழுத்து போட்டிருக்கே. நீ என் பொண்டாட்டியோட தம்பிடா. வேன்காரன் கவரைக் கொண்டாந்து குடுத்தப்ப யாரோ மண்டையைப் போட்டுட்டாங்கன்னு நெனச்சுட்டேன்.

மடிப்பக்கா விழுந்தது எனக்கு மட்டும் வருத்தம் இல்லியா? ஆஸ்பத்திரிக்கு நானே போனேன். பழம் வாங்கிட்டுப் போனேன். அந்தத் தங்கச்சிக்காரி என்னைப் பார்த்த பார்வை இருக்கே, பழம் அழுகிரும். நான் என்ன தள்ளியா விட்டேன்?

பெஞ்சைப் பத்தி நீ எழுதியிருக்கிறது ரொம்பத் தப்பு. பெஞ்சு தண்டனை இல்ல, அது ஒரு அக்கறை. எந்த முதலாளி தொழிலாளி நெத்தியைத் தொட்டுப் பார்க்கிறான் சொல்லு? போன வருஷம் பாய்லர்காரனுக்கு மஞ்சக்காமாலைன்னு டாக்டருக்கு முன்னாடியே கண்டுபிடிச்சது யாரு? நான். நாக்கைப் பார்த்தே சொன்னேன். கார்ல வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டதும் நான்தான். இதெல்லாம் உன் சட்டத்துல வராது.

மூணு நாள் சம்பளம் இல்லேங்கிறது இருக்கிறதாலதான் நம்ம ஆலைல காய்ச்சல் கம்மி. அதை எடுத்துட்டா திங்கக்கிழமைதோறும் ஊரே படுத்துக்கும். மெத்தை போட்டுக் குடுத்தா தூக்கம் வராமயா இருக்கும்? சட்டம் எழுதினவன் ஒரு நாளாவது ஒரு ஆலையை நடத்தியிருக்கானா? இந்தப் பக்கம் ஹோட்டல்காரன் விரிப்பு எங்கேங்கிறான், அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்காரன் போர்வை எங்கேங்கிறான், நடுவுல நான் மத்தளம்.

உன் அக்கா ரெண்டு நாளா என்கூடப் பேசல. தட்டை டொக்குன்னு வைக்கிறா. நீதானே ஏதோ சொல்லி வெச்சிருக்கே?

தையல் ஆறிடுச்சா? கனமா எதையும் தூக்காதே. கோவத்தையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

உன் அத்தான்

—

மார்ச் 13

மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

ஒரு கேள்வி கேட்டிருந்தேன். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் பழம் இருக்கிறது, பாய்லர்காரரின் நாக்கு இருக்கிறது, மெத்தை இருக்கிறது, மத்தளம் கூட இருக்கிறது. பதில் மட்டும் இல்லை.

பெஞ்சு அக்கறை என்கிறீர்கள். அக்கறை நோயாளியைத் தேடிப் போகும்; நோயாளியை இரண்டு பேருந்து மாற வைக்காது. நெற்றியைத் தொட உங்கள் ஒரு கைக்கு மட்டுமே அதிகாரம் என்று வைத்துக்கொண்டு, அந்தக் கையை எடுத்துக்கொண்டு நீங்கள் வேன் பார்க்கப் போய்விட்டால், வாசலில் உட்கார்ந்திருப்பவரின் காய்ச்சல் உங்களுக்காகக் காத்திருக்குமா?

மடிப்பக்கா உங்களைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை என்று அவருடைய தங்கை சொன்னாள். அது உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். எனக்கு இல்லை. அந்த வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர். கட்டு பிரிக்கவே எட்டு வாரம். அந்த எட்டு வாரம் எந்தக் கணக்கில் சேரும் என்று மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் தங்கையிடம் கேட்டிருக்கிறார். தங்கை என்னைக் கேட்கிறாள். நான் உங்களைக் கேட்கிறேன்.

வேலையிடத்தில் நடந்த விபத்து என்று மருத்துவமனை தொழிலாளர் துறைக்கு அறிக்கை அனுப்பிவிட்டது. ஆய்வாளர் வருவார், வந்தால் அவரும் முதலில் இதைத்தான் கேட்பார். அறிவிப்பை ஒட்டினீர்களா, இல்லையா? “ஆம்” அல்லது “இல்லை”. இரண்டில் எதையும் எழுத ஒரு வரிக்கு மேல் ஆகாது.

அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவளுக்குக் கண் இருக்கிறது.

இங்ஙனம்,
பணியாளர் பிரிவு அலுவலர்

—

மார்ச் 15

மாப்பிள்ளை,

ஒட்டல. போதுமா? ஒரு வரிதான்.

இப்ப நான் சொல்றதைக் கொஞ்சம் நிதானமாக் கேளு. ஆய்வாளர் அடுத்த திங்கக்கிழமை, இருபத்திமூணாம் தேதி காலைல வர்றாராம். நம்ம ஃபைலை அப்படியே வேன்காரன்கிட்ட குடுத்தனுப்பியிருக்கேன். உன் அறிவிப்பு அதுலதான் இருக்கு. புதுசா ஒரு பிரதி எடுத்து மேல வெச்சிருக்கேன். கீழே “பிப்ரவரி 20 அன்று பலகையில் ஒட்டப்பட்டது”ன்னு ஒரு வரி சேர்த்திருக்கேன். பக்கத்துல உன் கையெழுத்து வேணும். அவ்வளவுதான். ஒரு கையெழுத்து.

யாருக்கும் நஷ்டம் இல்ல, யோசிச்சுப் பாரு. அறிவிப்பு ஒட்டியிருந்துச்சுன்னா, வர வேண்டியதில்லேன்னு அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் வந்தாங்கன்னா அது அவங்க இஷ்டம். பெஞ்சுல உக்காந்ததும் அவங்க இஷ்டம். மடிச்சதும் அவங்க இஷ்டம். அப்புறம் ஆலை மேல தப்பு எங்கே இருக்கு? மடிப்பக்காவை நான் நடுத்தெருவுல விட்டுருவேனா? கை சரியானதும் வரட்டும், வாசல்ல உக்காந்து டோக்கன் குடுக்கிற வேலை குடுத்துக்கலாம். நமக்குள்ள பேசிக்கிற விஷயத்துக்குச் சர்க்கார் எதுக்கு?

வக்கீல்கிட்டக் கேட்டேன். “உங்க பணியாளர் அலுவலர் கையெழுத்து இருந்தா கேஸே நிக்காது”ன்னுட்டாரு. உன் கையெழுத்துக்கு அவ்வளவு மரியாதை. சந்தோஷப்படு.

ஃபைலைப் புதன்கிழமைக்குள்ள திருப்பி அனுப்பு. விசிலும் கையெழுத்து போட ரெடியா இருக்கான், ஆனா அவன் கையெழுத்தை அவனாலேயே படிக்க முடியாது.

உன் அத்தான்

—

மார்ச் 17

மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

கையெழுத்திட மாட்டேன்.

காரணம் வேண்டுமெனில்: “அவங்க இஷ்டம்” என்று மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்றையும் உண்மையாக்குவதற்கு என் கையெழுத்து வேண்டும் என்கிறீர்கள். நான் கையெழுத்திட்ட கணத்தில் மடிப்பக்கா தன் விருப்பத்தின் பேரில் காய்ச்சலோடு உலாவ வந்து, பொழுதுபோக்குக்காக விரிப்பு மடித்து, தன் அஜாக்கிரதையால் கையை முறித்துக்கொண்டவர் ஆகிவிடுவார். எட்டு வாரத்துக்கு ஊதியமும் இல்லை, விபத்துக்கு ஈடும் இல்லை. யாருக்கும் நஷ்டம் இல்லை என்று எழுதுமுன் “யாருக்கும்” என்ற சொல்லில் அவரும் அடங்குவாரா என்று ஒரு முறை யோசித்திருக்கலாம்.

இன்னொரு செய்தி. ஃபைலை “அப்படியே” அனுப்பியதாக எழுதியிருந்தீர்கள். உண்மைதான். என்னுடைய மூல அறிவிப்பும் அடியில் இருக்கிறது. அதன் ஓரத்தில், உங்கள் சிவப்புப் பென்சிலில், உங்கள் கையால் எழுதிய குறிப்பும் இருக்கிறது: “சீசன் முடியட்டும். ஏப்ரல்ல ஒட்டலாம். இப்ப ஒட்டினா பாதிப் பேர் படுத்துக்குவான்.” கீழே தேதி, பிப்ரவரி 4. அதற்குக் கீழே உங்கள் சுருக்கொப்பம்.

எந்தக் காகிதத்திலும் குறிப்பு எழுதினால் தேதியும் ஒப்பமும் இடுங்கள் என்று நான்தான் உங்களுக்குப் பழக்கினேன். பத்து ஆண்டு மன்றாடிய பிறகு வந்த பழக்கம். என் பணிக்காலத்தில் நான் வென்ற ஒரே போர் அதுவாகத்தான் இருக்கும். ஏப்ரலில் ஒட்டலாம் எனத் தாங்களே முடிவு செய்த ஒன்றைப் பிப்ரவரியில் ஒட்டியதாக நான் சாட்சி சொல்ல வேண்டுமாம்.

கோப்பு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இங்ஙனம்,
பணியாளர் பிரிவு அலுவலர்

—

மார்ச் 18

ஏய்யா பெரிய மனுஷா,

பத்திரமா இருக்குன்னா என்ன அர்த்தம்? மிரட்டறியா? என் ஃபைலை வெச்சுக்கிட்டு என்னையே மிரட்டறியா? ஓட்டைச் சைக்கிள்ல வந்து வேலை கேட்டு நின்னப்ப உன்னை யாரு உள்ளே கூப்பிட்டது?

சரி, நான் பொய்யன். நான் கொடுமைக்காரன். ஒத்துக்கிறேன். இப்ப நீ ஒண்ணுக்குப் பதில் சொல்லு. முதல் லெட்டர்ல “உங்கள் பெஞ்சு”ன்னு எழுதியிருக்கே. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை படிச்சுப் பார்த்தேன். “உங்கள் பெஞ்சு.” அடேயப்பா! பெஞ்சு விதியை எழுதினது யாரு மாப்பிள்ளை?

மறந்து போச்சா? நான் ஞாபகப்படுத்தறேன். அந்தப் பழைய டிரைவர் வயித்துவலின்னு ஒரு வாரம் படுத்துட்டு, பக்கத்து ஆலை வேனை ஓட்டிக்கிட்டு நம்ம வாசல் வழியாவே போனானே. நான் அவனை நாலு திட்டு திட்டி விட்டிருப்பேன். நீதான் “அத்தான், திட்டினா நாளைக்கு மறந்துருவாங்க. விதின்னு ஒண்ணு வேணும்”னே. ராத்திரி வீட்டுக்குக் கொண்டுபோய் எழுதிட்டு வந்தே. “நோயுற்றவர், நோயின் முதல் நாளன்றே நேரில் வந்து, நிர்வாகியின் பார்வைக்குத் தம்மை உட்படுத்திய பின்னரே விடுப்பில் உள்ளவராகக் கருதப்படுவார்.” எனக்கு இப்படியெல்லாம் எழுத வருமா? “உட்படுத்திய”ன்னு எனக்குச் சொல்லவே வராது. முதல் மூணு நாள் ஊதியம் இல்லேங்கிறதும் உன் மூளைதான். “மூன்று என்பது நியாயமான எண்”னு சொன்னே. முத்து முத்தா உன் கையெழுத்துல எழுதி, கண்ணாடி போட்டு, பெஞ்சுக்கு நேர் மேல நீயே ஆணி அடிச்சே. இன்னிக்கும் அதேதான் தொங்குது. நான் நாக்கைத்தான் பார்த்தேன். நீட்ட வெச்சவன் நீ.

இப்ப விதின்னா எல்லாருக்கும் விதி. நீயும் இந்த ஆலைல வேலை செய்யறவன்தான். மூணு வாரமா உடம்பு சரியில்லேன்னு வீட்டுல இருக்கே. நீ வந்து முகம் காட்டினியா? இல்ல. அதனால உன் விதிப்படி நீ விடுப்புல இல்ல, வேலைக்கு வராதவன். திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு ஃபைலோட வந்து முகம் காட்டிட்டு, கையெழுத்து போட்டுட்டுப் போ. இல்லேன்னா புது ஆளைப் பார்த்துக்கிறேன்.

உன் அக்காகிட்ட இந்த லெட்டரைக் காட்டாதே.

அத்தான்

—

மார்ச் 20

மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. இருபத்திரண்டு ஆண்டுகளில் முதல் முறையாக இப்படி எழுத நேர்கிறது.

விதியை நான்தான் எழுதினேன். அதை மறந்துவிடவில்லை. மறந்ததுபோல் எழுதினேன், அது மறதியைவிட மோசம். அன்று நான் சட்டம் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்து, புதிதாகச் சேர்ந்தவன். ஒரு வாக்கியத்தில் ஓட்டை இல்லாமல் எழுத முடியும் என்பதை உங்களிடம் நிரூபிக்க ஆசைப்பட்டேன். ஓட்டையில்லாமல்தான் எழுதினேன். ஒருவரும் அதிலிருந்து தப்ப முடியவில்லை. அந்த வாக்கியத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் எனக்குப் பெருமையும் இருந்தது.

நேற்று மாலை மடிப்பக்கா என் வீட்டுக்கு வந்தார். கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் கட்டுப் போட்ட வலது கை. என் உடல்நிலை விசாரிக்க வந்தாராம். நான் எழுந்திருக்கப் போனேன். “உக்காருங்க சார், தையல் பிரிஞ்சிடும்” என்று இடது கையால் என்னை அமர்த்தினார். நாற்காலியில் என் துண்டு கிடந்தது. பேசிக்கொண்டே அதை எடுத்து மடியில் போட்டு, ஒற்றைக் கையால் மடிக்கப் பார்த்தார். ஓரம் ஓரத்தோடு சேரவில்லை. மூன்றாவது முறை சிரித்துவிட்டு அப்படியே வைத்துவிட்டார்.

“ஒரு ஃபோன் பண்ணிச் சொன்னாப் போதும்னு புதுசாச் சட்டம் வந்திருக்காமே, நெசமா சார்?” என்று கேட்டார்.

“நிஜம்.”

“எங்களுக்கு யாரும் சொல்லலியே.”

“உங்களுக்கு அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை.”

“பலகைல பழசுதான் சார் தொங்குது. அன்னிக்கு நாலு மணி நேரம் அதுக்குக் கீழதானே உக்காந்திருந்தேன். வேற வேலை இல்லாம அதையே படிச்சேன். உங்க கையெழுத்து அழகு சார்.”

குத்திக்காட்டவில்லை, அப்படியே சொன்னார். 

போகும்போது வாசலில் நின்று, “அந்த எட்டு வாரம் கிடைச்சிடுமா சார்? தங்கச்சிக்குப் படிப்பு முடிய இன்னும் மூணு மாசம்தான் இருக்கு. அதை நிறுத்திட்டு வேலைக்குப் போறேங்கிறா” என்றார். கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்தேன். யாரைக் கேட்டுக் கொடுத்தேன் என்று நீங்கள் கேட்கலாம். யாரையும் கேட்கவில்லை.

ஆகவே திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கோப்புடன் வருகிறேன். ஒரு மாதம் பயணம் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆனால் விதி என்றால் எல்லோருக்கும் விதி. நான் எழுதிய வாக்கியம் எப்படி இருக்கிறது என்று அதன் கீழே உட்கார்ந்து பார்க்க எனக்கும் இதுவரை வாய்ப்புக் கிடைக்கவில்லை. தாங்கள் வந்து என் முகத்தைப் பார்க்கும்வரை எழுந்திருக்க மாட்டேன். கையெழுத்து மட்டும் கிடைக்காது.

தங்கள் கடிதத்தை அக்காவிடம் நான் காட்டவில்லை. அவள் இங்கே வந்திருந்தபோது மேசையிலிருந்து தானே எடுத்துப் படித்தாள்.

இங்ஙனம்,
பணியாளர் பிரிவு அலுவலர்

—

மார்ச் 24

மாப்பிள்ளை,

தையல் எப்படி இருக்கு? நேத்து எழுந்திருக்கிறப்ப உன் முகம் வெளிறிப் போச்சே, அதை நினைச்சு ராத்திரியெல்லாம் எனக்குச் சரியாத் தூக்கமில்ல.

ஆனாலும் உன்னை மாதிரி ஒரு அழுத்தக்காரனை நான் பார்த்ததில்லப்பா. எட்டு மணிக்கு வரேன்னே, எட்டு மணிக்கு வந்துட்டே. பாய்லர் அடம்பிடிச்சதுல எனக்கு வர ஒன்பதரை ஆயிடுச்சு. ஆபீஸுக்குள்ள போய் உக்காரக் கூடாதா? உன் நாற்காலி உள்ளே காலியாத்தானே கிடந்துச்சு? “விதிப்படி இங்கதான்”னு விசில்கிட்டச் சொன்னியாம். அவன் ஓடி வந்து “சார் பெஞ்சுல உக்காந்திருக்காரு, கையில ஃபைல் இருக்கு, பக்கத்துல ஒரு ஆள் இருக்காரு”ன்னான். யாருடா ஆளுன்னா, “தெரியல, அவரும் உக்காந்திருக்காரு”ங்கிறான். பெஞ்சுல உக்காந்தா உடம்பு சரியில்லாதவன்தானே? இத்தனை வருஷத்துல வேற எவன் அதுல உக்காந்திருக்கான்? ஆய்வாளர்னா நேரா ஆபீஸுக்குள்ள வருவாருன்னு இருந்தேன். ஹோட்டல் செக்‌ஷனுக்குப் புதுசா எடுத்த ஆளாக்கும்னு நெனச்சுட்டேன்.

நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? கண்ணையாவது காட்டியிருக்கலாம்ல? நான் நேரா அவர்கிட்டப் போறேன், நீ சிலை மாதிரி உக்காந்திருக்கே. “என்னய்யா, உனக்கு என்ன? சேர்ந்து ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ள பெஞ்சா? நாக்கை நீட்டு பாப்போம்”னு சொல்லி நெத்தியில கையை வெச்சுட்டேன்.

அந்த மனுஷன் நீட்டினாருய்யா! நீட்டிட்டு, உள்ளே இழுத்துக்கிட்டு, “எனக்குக் காய்ச்சல் இருக்கா சார்?”னு கேக்கறாரு. நான், “இல்ல, போய் வேலையைப் பாரு”ன்னேன். “அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்”னு அட்டையை எடுத்துக் காட்டினாரு. தொழிலாளர் ஆய்வாளர்.

நின்ன இடத்துல பூமி பிளந்து என்னை வாங்கிக்கலியேன்னு இருந்துச்சு. ஃபைலை நீ தொறக்கவே இல்ல. தொறந்து வேற காட்டணுமா? சட்டத்துல கூடாதுன்னு சொன்னதை அவர் நெத்தியிலேயே செஞ்சு காட்டிட்டேனே. விசில் வேற பழக்கதோஷத்துல தள்ளுவண்டியைக் கொண்டாந்து உங்க ரெண்டு பேர் முன்னாலயும் நிறுத்திட்டான்.

உன்னை வேன்ல ஏத்தி அனுப்பினப்புறம் ரெண்டு மணி நேரம் கேட்டாரு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். சிவப்புப் பென்சிலையும் சொன்னேன், நான் எழுதினதுதான்னு ஒத்துக்கிட்டேன். மடிப்பக்காவுக்கு முதல் நாள்லேருந்து ஊதியம், எட்டு வாரமும். விரிப்பு மடிக்கச் சொன்னதால அன்னிக்கு அவங்க வேலைலதான் இருந்திருக்காங்க, அதனால வேலையில நடந்த விபத்து. ஆலைக்கு அபராதம், அது எவ்வளவுன்னு லெட்டர்ல வரும். சாயங்காலம் நானும் உன் அக்காவும் போய் மடிப்பக்காகிட்ட நேர்லயே சொல்லிட்டு வந்தோம். இந்தத் தடவை பழம் வாங்கல. அந்தத் தங்கச்சிப் பொண்ணு டீ குடுத்துச்சு.

புது அறிவிப்பை ஒட்டிட்டேன். அடியில “மார்ச் 23 அன்று ஒட்டப்பட்டது”ன்னு நானே எழுதினேன். உன் அக்கா பார்த்துட்டு, “நெசமான தேதிதானே?”ன்னு கேட்டா. அந்த லெட்டரைப் படிச்சப்புறம் நாலு நாள் கழிச்சு அவ என்கிட்டப் பேசின முதல் வார்த்தை.

ஒரு படிவம் இத்தோட அனுப்பியிருக்கேன். ஆய்வாளர் குடுத்தது. எல்லாக் கட்டத்தையும் நிரப்பிட்டேன், ஒண்ணைத் தவிர. “முந்தைய விதியை வகுத்தவர்”னு ஒரு கட்டம். “பழைய காலத்து விதி சார், யாரு எழுதினாங்கன்னு ஞாபகம் இல்ல”ன்னுட்டேன். சரின்னுட்டாரு. புதன்கிழமை லெட்டர்ல உன்னை ரொம்பப் பேசிட்டேன், அது நமக்குள்ள. வெளியாளுக்கு எதுக்கு உன் பேரு? அந்தக் கட்டத்துல ஒரு கோடு போட்டுட்டு மீதியைச் சரிபார்த்து நேரா அவருக்கு அனுப்பிடு.

புது ஆளெல்லாம் பார்க்கல. ஒரு மாசம் முழுசா படுத்திருந்துட்டு வா. முகம் காட்ட வேண்டாம்.

உன் அத்தான்

—

மார்ச் 26

அன்புள்ள அத்தானுக்கு,

படிவத்தைச் சரிபார்த்தேன். மூன்று இடத்தில் தேதி இல்லை, இட்டிருக்கிறேன். விசிலின் கையெழுத்தைப் பற்றித் தாங்கள் சொன்னது சரிதான். அதன் கீழே அவர் பெயரைத் தெளிவாக எழுதியிருக்கிறேன்.

அந்த ஒரு கட்டத்தில் கோடு போடவில்லை.

தாங்கள் வருமுன் ஒரு மணி நேரம் நானும் ஆய்வாளரும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தான் யார் என்று அவர் முதலிலேயே என்னிடம் சொல்லிவிட்டார். முதலாளியை இங்கேயே பார்த்துக்கொள்கிறேன், நீங்களும் எழ வேண்டாம் என்றார். பிறகு பேச ஒன்றுமில்லாமல் தலைக்கு மேலிருந்த கண்ணாடிச் சட்டத்தை அண்ணாந்து படித்தார். நிதானமாக, இரண்டு முறை. “ரொம்ப நல்ல கையெழுத்து. யாரு சார் எழுதினது?” என்று கேட்டார்.

 தையல் வலிப்பதுபோல் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவர் பதறி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார், வேண்டும் என்றேன். தண்ணீர் வந்ததில் பேச்சு மாறிவிட்டது. தங்களிடம் ஒரு கேள்வி கேட்டு, அதற்குப் பதில் வேண்டி இரண்டு கடிதம் எழுதியவன் நான். என்னிடம் கேட்கப்பட்டதும் ஒரு கேள்விதான். இல்லாத வலியைக் காட்டி அதிலிருந்து தப்பினேன். அப்படித் தப்பிக்கும் ஆட்களைப் பிடிப்பதற்காகத்தான் அந்த விதியையே எழுதினேன்.

என்னைக் காப்பாற்றுவதற்காகத் தாங்கள் ஒரு பொய் சொன்னீர்கள் என்பதை அறிவேன். தங்களுக்காக நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதையும் அறிவேன். ஆயினும் அந்தக் கட்டம் காலியாக இருந்தால், அந்த வாக்கியம் தானாக முளைத்து அங்கே தொங்கியதாக ஆகிவிடும். மடிப்பக்கா நான்கு மணி நேரம் ஒருவரும் எழுதாத ஒன்றின் கீழே உட்கார்ந்திருக்கவில்லை.

அச்செழுத்தில் நிரப்பச் சொல்லியிருந்தார்கள். நான் கையால் எழுதினேன், அதே முத்து எழுத்தில். பெயர், தேதி, ஒப்பம் மூன்றும் உண்டு. யாருடையது என்று ஆய்வாளர் இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை.

தங்கள்,
மைத்துனன்